மாசிக்காயும் அதைத் தரும் ஓக் மரமும்: கேள்வி பதில்

மாசிக்காய் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இயற்கைச் சாயத் தொழிலில் நான் அதிகம் புழங்கும் பொருள் இது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, மாசிக்காய் எந்த மரத்தின் காய்?

அது காயே இல்லை. குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா என்ற ஓக் மரத்தின் மொட்டில் ஒரு சின்னக் குளவி முட்டை வைக்கும். உள்ளே வளரும் புழுவின் தூண்டுதலால் மரத்தின் திசு அதைச் சுற்றி உருண்டையாகத் திரண்டு இறுகிவிடும். அதைத்தான் நாம் வாங்குகிறோம். கிரீஸ், துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் குட்டை மரம். அதன் உண்மையான காய் வேறு. அடியில் கிண்ணம் வைத்த ஓக் கொட்டை.

சில மாசிக்காயில் ஓட்டை இருக்கிறதே, செல்லரித்ததா?

இல்லை. வளர்ந்த குளவி வெளியேறிய வழி அது. குளவி வெளியேறும் முன்பே பறித்தது கரும்பச்சையாக, கையில் கனமாக இருக்கும். அதில் துவர்ப்புச் சத்தான டானின் எடையில் பாதிக்கும் மேல் இருக்கும். ஓட்டை விழுந்தது வெளிறி, லேசாக இருக்கும். சாயத்துக்கு நான் முதல் ரகத்தைத்தான் எடுப்பேன்.

இதில் மை செய்தார்கள் என்கிறார்களே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி! மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டி, அன்னபேதி என்ற இரும்பு உப்பும் வேலம்பிசினும் சேர்ப்பார்கள். டானினும் இரும்பும் கூடும்போது முதலில் வெளிறிய நிறம்தான். எழுதிய பிறகு காற்றுப் பட்டுப் பட்டுக் கருக்கும். தாளின் நாரோடு ஒட்டிவிடும், கழுவினாலும் போகாது. அதனால்தான் ஐரோப்பாவில் பத்திரம், பதிவேடு, கடிதம் எல்லாவற்றுக்கும் 19-ஆம் நூற்றாண்டு வரை இதுவே முக்கிய மை. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் பைபிள் பிரதியும் இந்த வகை மையில் எழுதியதுதான். ஒரு குறையும் உண்டு. இந்த மையில் அமிலம் இருப்பதால், இரும்பு கூடிப்போனால் எழுத்து இருக்கும் இடத்தில் தாளே அரித்து விழும். பழைய ஆவணங்களைக் காப்பவர்களுக்கு இது இன்றும் பெரிய கவலை.

அப்புறம், ரோமானியரான பிளினி 1-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறார். மாசிக்காய்ச் சாற்றில் நனைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டில் செம்புக் களிம்பைத் தடவ வேண்டும். கறுத்தால் அதில் அன்னபேதி கலப்படம். வேதியியல் என்ற துறை உருவாகும் முன்பே இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கலாமா?

வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு உரை மருந்தில் இதையும் சேர்ப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இது கடும் துவர்ப்பு. வயிற்றுப்போக்கு என்றால் உரைகல்லைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள். பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குக் கஷாயம் வைத்துக் கொப்பளிக்கலாம்.

அந்த ஊர் மக்களுக்கு மரத்தால் வேறு பயன் உண்டா?

நிறைய. ஈரான், ஈராக் எல்லையில் உள்ள சாக்ரோஸ் மலைக் குர்து மக்கள் இலையோடு கிளையைக் கழித்து உலர்த்தி, பனிக்காலத்தில் ஆடுகளுக்குப் போடுகிறார்கள். இலைகளில் அசுவினிப் பூச்சிகள் விடும் தேன்போன்ற கசிவைச் சேகரித்து இனிப்பும் செய்கிறார்கள். பஞ்ச காலத்தில் ஓக் கொட்டையின் கசப்பை நீரில் போக்கி, மாவாக்கி ரொட்டி சுட்டதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் பக்கத்திலேயே வளரும் வேறோர் ஓக் இனம்தான்.

வால்பாறை எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிறைய இருக்கிறது. அதில் மாசிக்காய் வருமா?

வராது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். கடையில் இருக்கும் மாசிக்காயெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவதுதான்.

வீட்டில் பருத்தித் துணிக்குச் சாயம் போட முடியுமா?

தாராளமாக. கஞ்சி போகத் துவைத்த துணியை மாசிக்காய்க் கஷாயத்தில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிறகு படிகார நீரில் முக்கி எடுத்து, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரில் கொதிக்கவிட்டால் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். படிகாரத்துக்குப் பதில் அன்னபேதி போட்டால் சாம்பலிலிருந்து கறுப்பு வரை வரும். அன்னபேதியை மட்டும் சிட்டிகை அளவிலிருந்து தொடங்குங்கள், கூடினால் துணி இற்றுப்போகும். இரும்புச் சட்டி வேண்டாம், எவர்சில்வர் போதும்.