அறிகுறிக்கு முன்பே தொடங்கும் அல்சைமர்: நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி வாசகி: என் அம்மாவுக்கு 72 வயது. முப்பது ஆண்டுகள் தேயிலை பறித்தவர், சென்ற மழைக்காலத்தில் தினமும் நடந்த பாதையிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார். அல்சைமர் என்கிறார்கள். இப்படித் திடீரென்று வருமா?

திடீரென்று வெளிப்பட்டிருக்கிறது; தொடங்கியது வெகு காலத்துக்கு முன்பு. அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துணுக்குகள் நரம்பணுக்களுக்கு வெளியே படியத் தொடங்கி, மறதி கண்ணுக்குத் தெரிவதற்குப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை ஆகலாம். அந்தக் கணக்கில், உங்கள் அம்மா முதுகில் கூடையோடு மலைச்சரிவு ஏறி இறங்கிய ஐம்பதுகளிலேயே முதல் மாற்றங்கள் நிகழ்ந்திருக்கக்கூடும். நரம்பணுக்களுக்குள்ளே நுண்குழல்களைத் தாங்கி நிற்கும் டௌ என்ற இன்னொரு புரதம் உருமாறி முறுக்கிக்கொள்வது இரண்டாவது மாற்றம். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், ஐம்பதுகளில் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் இவ்விரண்டையும் கண்டதாக அறிவித்தார்.

மறதியின் தீவிரத்தோடு நெருங்கிப் பொருந்துவது அமிலாய்டின் அளவு அன்று, டௌ பரவியிருக்கும் எல்லை. மூளைப் புறணியில் அது முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று என்டோரைனல் பகுதி, அடுத்து ஹிப்போகேம்பஸ். புதிய நினைவைப் பதிப்பதும் இடங்களின் வரைபடத்தை மனத்தில் வைத்திருப்பதும் இவற்றின் பணி. ஆகவேதான் தம் கல்யாணப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதைச் சொல்லக்கூடிய ஒருவர், காலையில் சாப்பிட்டதை மறக்கிறார். பழகிய பாதையில் திகைத்து நிற்கிறார். ஒன்று கேட்க வேண்டும்: பி12, தைராய்டு பரிசோதனைகள் செய்தார்களா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்தார்களா? இவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கூடலூர் வாசகர்: பாட்டிக்கு 80 வயதிலும் அப்பாவுக்கு 76 வயதிலும் இந்த நோய் வந்தது. எனக்கு 48. எனக்கும் வந்துவிடுமா?

மரபு இந்நோயில் இரண்டு விதமாகச் செயல்படுகிறது. 21-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிபி, 14-இல் உள்ள பிரசெனிலின்-1, முதல் குரோமோசோமில் உள்ள பிரசெனிலின்-2 ஆகிய மரபணுக்களில் ஒன்றில் நோய் உண்டாக்கும் பிறழ்வு இருந்தால், அது பிள்ளைக்குச் செல்ல 50 சதவீத வாய்ப்பு உண்டு. அந்தப் பிறழ்வு வந்து சேர்ந்தவருக்கு நோய் ஏறக்குறைய உறுதி, பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே. ஆனால் மொத்த நோயாளிகளில் இவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. எழுபதைத் தாண்டி நோய் கண்ட உங்கள் குடும்பம் இந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மற்றது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஇ. மூளையில் கொழுப்பைக் கொண்டுசெல்லும் புரதத்துக்கான இந்த மரபணுவுக்கு 2, 3, 4 என மூன்று வடிவங்கள் உண்டு. நான்காம் வடிவம் இருந்தால் அமிலாய்டு சரியாக அகற்றப்படாமல் மற்றவர்களைவிட முன்னதாகவே சேரத் தொடங்குகிறது. அது ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பது பெரிதும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்ட கணக்கு. எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்தாது. இரண்டாம் வடிவமோ ஓரளவு காக்கிறது. நான்காம் வடிவத்தோடு தொண்ணூறு வயது வரை தெளிவாக வாழ்ந்தவர்களும் உண்டு, அது இல்லாமலே நோய்வாய்ப்பட்டவர்களும் உண்டு. நீங்கள் இருக்கும் வயதுதான் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கெட்ட கொழுப்புக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய வயது.

குன்னூர் வாசகி: அத்தை மகனைத் திருமணம் செய்துகொண்டேன். நோய் வந்த பாட்டி எங்கள் இருவருக்கும் பொது. பிள்ளைகளுக்கு ஆபத்து இரட்டிப்பாகுமா?

அப்படிச் சொல்வதற்கில்லை. முதல் வகை நோய்க்கு ஒரு பிரதியே போதும் என்பதால் சொந்தத்தில் மணப்பது பெரிய பொருட்டன்று. ஏபிஓஇ-யின் நான்காம் வடிவம் உங்கள் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால், பிள்ளைக்கு இரண்டும் வர நான்கில் ஒரு வாய்ப்பு. உறவினரிடையே இப்படி அமைவது சற்று எளிது. ஆனால் அந்த வடிவம் பரவலானது என்பதால் அந்நிய மணத்திலும் இது நேரும்.

ஊட்டி வாசகர்: எச்சில் மாதிரியை அனுப்பி ஏபிஓஇ பரிசோதனை செய்துகொள்ளலாமா?

அறிகுறியே இல்லாதவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முடிவு எதுவானாலும் நாளை காலை நீங்கள் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. கவலை மட்டும் கூடும். அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளைத் தொடங்கும் நிலை வந்தால் கணக்கு வேறு: நான்காம் வடிவம் இரண்டு பிரதி உடையவர்களுக்கு மூளை வீக்கமும் நுண்கசிவும் அதிகம் என்பதால், அப்போது பரிசோதனை தேவைப்படும்.

கோத்தகிரி வாசகர்: தேயிலைத் தொழிற்சாலை இயந்திர இரைச்சலில் இருபது வருடம் வேலை செய்து காது மந்தமாகிவிட்டது. மறதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் மறதிநோய்க்கெனப் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் கேட்கும் திறன் குறைவும் ஒன்று. காதுக் கருவி வைத்துக்கொள்வதைக் கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊட்டி வாசகி: நீலகிரித் தைலத்தை முகர்ந்து பார்த்து நோயை முன்னமே அறியலாம் என்கிறார்களே?

டௌ முதலில் சேரும் பகுதி முகர்வு நரம்புப் பாதையோடு இணைந்தது என்பதால், மணம் அறிவது குறைவது சிலருக்கு ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். எனினும் சளி, சைனஸ், கொரோனா, வயது எல்லாமே மணத்தைக் குறைக்கும். தைலமோ இதற்குச் சற்றும் பொருந்தாது. அதன் குளிர்ச்சியும் காரமும், முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பு வழியாகவும் உணரப்படுவதால், மணமே அறியாதவர்கூட ஏதோ உணர்ந்ததாகச் சொல்வார். காப்பித்தூளின் மணமும் பல மாதங்களாகத் தெரியவில்லை என்றால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.