பெயிண்ட் காயட்டும்: கார் மாடல் கேள்வி பதில்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கட்டும் சின்னக் கார் மாடல்கள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டாங்கி, விமானம் கட்டுபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உலகத்தில் சேறு பூசுவது கலை. இங்கே ஒரு தூசி விழுந்தால் ராத்திரி தூக்கம் வராது.

சேலம், கல்லூரி மாணவர்: 1/24, 1/25 இரண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணா? முதல் கிட்டாக எதை வாங்கலாம்?

1/24 என்றால் நிஜ காரை 24ஆல் வகுத்த அளவு, 1/25 என்றால் 25ஆல். தமியா, ஹசெகவா, ஃபுஜிமி போன்ற ஜப்பான் கம்பெனிகள் 1/24. அமெரிக்கக் கிட்கள் பெரும்பாலும் 1/25. அங்கே 1950களில் புது மாடல் வந்தால், டீலர்கள் கடையில் வைத்துக் காட்டவும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவும் 1/25 அளவில் பிளாஸ்டிக் கார் செய்தார்கள். அப்படிச் செய்துகொண்டிருந்த ஏ.எம்.டி. கம்பெனி 1958ல் அதையே பிரித்துப் பெட்டியில் போட்டு, நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று விற்க ஆரம்பித்தது. அளவும் அப்படியே நின்றுவிட்டது. நாலரை மீட்டர் கார் 1/24ல் 187 மில்லிமீட்டர், 1/25ல் 180. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் கிட்டுக்கு, பானெட் திறக்காத, இன்ஜின் இல்லாத ஒரு தமியா 1/24. பாடி வெள்ளை பிளாஸ்டிக்கில் வார்த்ததாகப் பாருங்கள். சிவப்பு பிளாஸ்டிக் மேல் வெள்ளை அடித்தால் நாலு நாளில் ரோஸ் கலரில் கசிந்து நிற்கும். பத்து கிட் வாங்கி அடுக்காதீர்கள் தம்பி. ஒன்றை முடியுங்கள், அப்புறம் இரண்டாவது.

தஞ்சாவூர்: ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் போதுமா?

போதாது. மாடல் சிமெண்ட் என்பது பசை இல்லை, கரைப்பான். பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். தமியாவில் பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின் வாங்குங்கள். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் தானே ஓடிப் பரவும். ஃபெவிக்விக்கைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அதன் ஆவி பட்டு விண்ட்ஷீல்டு பனி பிடித்த மாதிரி வெளுத்துவிடும். கண்ணாடிக்கு வீட்டில் இருக்கும் ஃபெவிக்காலே நல்லது. காய்ந்தால் நிறமில்லாமல் போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

சென்னை, வேளச்சேரி: நவம்பரில் கறுப்பு லாக்கர் அடித்தேன். பாடி முழுக்க சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. பெயிண்ட் போலியா?

பெயிண்ட் மேல் தப்பில்லை, மழைக்காலத்தின் மேல்தான். லாக்கர் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அங்கே படிந்து, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த வெண்மை அதுதான். பாடியைத் தூக்கிப் போட வேண்டாம். வெயில் அடிக்கிற, காற்று உலர்ந்த ஒரு மத்தியானம் வரை காத்திருந்து, ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு தடவை தூவுங்கள். மேல்பரப்பு லேசாக இளகி ஈரம் வெளியேறும். பெரும்பாலும் கறுப்பு திரும்பி வந்துவிடும். வராவிட்டால் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இனிமேல் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேஜையில் வையுங்கள். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது. மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். வாசம் அடித்தால் காயவில்லை.

ஈரோடு: சூப்பர் க்ளூ போட்டு ஒட்டலாமா சார்?

தஞ்சாவூருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மதுரை: படுக்கையறையில்தான் ஸ்ப்ரே செய்கிறேன். கொரோனா சமயத்தில் வாங்கிய மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், போதும்தானே?

போதவே போதாது. அது தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியை அப்படியே உள்ளே விடும். கரி வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். ஜன்னல் வழியாக வெளியே இழுக்கும் ஃபேனும் வேண்டும். குழந்தை தூங்கும் அறை என்றால் அங்கே அடிக்கவே வேண்டாம், மொட்டை மாடிக்குப் போங்கள்.

பெங்களூரு: எவ்வளவு பாலிஷ் போட்டாலும் என் கார் உங்கள் கார் மாதிரி மெல்லிசாகத் தெரிவதில்லை. கிளியர் கோட் ஆறு தடவை அடிக்கிறேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிஜ காரில் பிரைமர் என்ற அடிப்பூச்சிலிருந்து கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு வரை மொத்தப் பெயிண்டும் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதை 24ஆல் வகுத்தால் 0.004. அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது. அதற்காக எதிர்த்திசையில் ஓட வேண்டுமா? மாடல் மேல் 0.1 மில்லிமீட்டர் ஏறினால், நிஜ காரில் 2.4 மில்லிமீட்டர் பட்டி பூசின கணக்கு. கதவு இடுக்கு நிஜத்தில் நாலைந்து மில்லிமீட்டர், மாடலில் 0.2. ஆறு கோட்டில் அது மூடாமல் என்ன செய்யும்? ஜீராவில் ஊறின குலாப் ஜாமூன் மாதிரி ஆகிவிடும் கார். பிரைமருக்கு முன்னாலேயே இடுக்குகளைக் கீறி ஆழப்படுத்துங்கள், கோட்டைக் குறையுங்கள்.

கோயம்புத்தூர்: மன்னிக்கணும், ஒத்துக்கொள்ள மாட்டேன். ஷோரூமில் நிற்கும் கார் கண்ணாடி மாதிரிதான் மின்னுகிறது. கிளியர் இல்லாவிட்டால் டீகால் விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும்.

டீகால், அதாவது காரில் ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மெட்டாலிக்கிலும் கிளியர் வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் போடும்போது வெள்ளித் துகளைத் தேய்த்துவிடுவோம். ஆனால் டீகால் இல்லாத ஒற்றை நிறத் தெருக் காருக்கு எதற்கு? தமியாவின் டிஎஸ்-8 என்ற சிவப்பு ஸ்ப்ரே தானே பளபளக்கும். நன்றாகக் காயவிட்டு, 3000 நம்பர் பேப்பர், பிறகு சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி என்று மூன்று பாலிஷ் காம்பவுண்டையும் வரிசையாகப் போட்டால் போதும். மின்னுவதில் எனக்குச் சண்டை இல்லை, தடிமனில்தான் சண்டை.

பெங்களூரு, மறுபடியும்: நான் கோயம்புத்தூர் கட்சி. போட்டிகளில் பளபளப்புக்குத்தானே பரிசு கிடைக்கிறது?

நடுவர்கள் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். கதவு இடுக்கை யாராவது குனிந்து பார்த்தால் அப்புறம் பேசுவோம்.

திருநெல்வேலி: நான் கார் டிங்கரிங் கடையில் பெயிண்டர். இந்தச் சண்டையே வேண்டாம் அண்ணாச்சி. ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியர் ஒரே கோட் அடித்தால் போதும், பாலிஷ்கூட வேண்டாம்.

தொழில் தெரிந்தவர் சொல்கிறீர்கள். ஒரே கோட்டில் முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் பெயிண்டை இறுக வைக்கும் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் இழுக்கும். மதுரைக்காரருக்குச் சொன்ன கரி மாஸ்க்கை நம்பி இதை அடிக்க முடியாது. வடிகட்டி தீர்ந்துபோனால் மற்ற தின்னர்கள் வாசத்தால் காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். நீங்களும் கடையில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. வீட்டில் மாடல் கட்டுகிறவர் யாரும் டூ-கே பக்கம் போகாதீர்கள்.

கிளியர் பஞ்சாயத்தை இத்தோடு நிறுத்துகிறேன். இது பற்றி வந்த மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

யாழ்ப்பாணம்: மக்லாரன் எம்பி4/4 கட்டுறன். பெட்டியில மார்ல்பரோ எழுத்தே இல்லை. சிவப்பும் சரிவரேல்லை.

நல்ல கேள்வி. 1988ல் சென்னாவும் ப்ரோஸ்டும் ஓட்டி, 16 ஃபார்முலா 1 பந்தயத்தில் 15ஐ வென்ற கார். மார்ல்பரோ போன்ற சிகரெட் பெயர்களை இப்போது பெட்டியில் போடுவதில்லை, டீகால் மட்டும் தனியாக அச்சிட்டு விற்பவர்களிடம் வாங்க வேண்டும். சிவப்பு விஷயம் சுவாரசியமானது. சிகரெட் பெட்டியின் சிவப்பை அப்படியே அடித்தால் டிவியில் மங்கித் தெரியும் என்று, ஆரஞ்சு கலந்த ஃப்ளோரசண்ட் சிவப்பை நிஜக் காரில் அடித்தார்கள். அதனால் சாதாரணச் சிவப்பு எதுவும் பொருந்தாது. ஃப்ளோரசண்டுக்கு மறைக்கும் சக்தி கிடையாது. அடியில் சுத்தமான வெள்ளை அடித்து, அதன் மேல் மெல்லிசாகப் பல தடவை தூவுங்கோ. வெள்ளையில் சின்னத் திட்டு இருந்தாலும் மேலே தெரியும்.

நாமக்கல், விழுப்புரம், இன்னும் மூன்று பேர்: அம்பாசடர் கிட் எங்கே கிடைக்கும்?

வாரா வாரம் இதே கேள்வி. பெரிய கம்பெனிகளின் அச்சுக்கு ஆகும் செலவு, உலகம் பூராவும் விற்கிற காருக்குத்தான் கட்டுப்படியாகும். ரெசின் 3டி பிரிண்ட்தான் வழி. 1/24ல் சுமார் 18 சென்டிமீட்டர் வரும். அடுக்கடுக்காகப் பிரிண்ட் ஆவதால் மேலே தெரியும் வரிகளைத் தேய்த்து எடுக்கப் பொறுமை வேண்டும்.

கரூர்: கண்ணாடியை ஃபெவிக்விக்...

வேண்டாம்.

திருப்பூர்: காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ்ஷுக்கு, பக்கத்து பங்க்சர் கடையில் விற்கும் பழைய கம்ப்ரஸரை வாங்கலாமா?

டேங்க் இருந்தால் வாங்கலாம். டேங்க் இல்லாதது காற்றை விட்டு விட்டுத் தள்ளும், பெயிண்ட் புள்ளி புள்ளியாக விழும். அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டரும், எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துவைக்க ஃபில்டரும் கட்டாயம் மாட்டுங்கள். 0.3 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ, லாக்கர் ஒரு பங்குக்கு தின்னர் ஒன்றரைப் பங்கு என்று ஆரம்பியுங்கள். பழைய பிளாஸ்டிக் ஸ்பூன் மேல் அடித்துப் பழகிவிட்டு பாடிக்கு வாருங்கள். மாஸ்க் வாங்கிவிட்டீர்களா?