ஆச்சியிடம் கேளுங்கள்: பணியாரம், பழைய நோட்டு, பச்சைச் சுவர்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அடுப்படி சமாசாரம். மீதியில் சுவர், அலமாரி, புத்தகம். இடத்துக்காகக் கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆச்சி, வெள்ளைப் பணியாரம் சுட்டால் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் குடிக்கிறது. எங்கள் அப்பத்தா சுட்டது வெள்ளை வெளேரென்று இருக்கும். எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?
– வாசகி, தேவகோட்டை

நீங்கள் என்ன அளவு போடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. அதனால் அளவிலிருந்தே வருகிறேன். ஒரு ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்துக்கொண்டு, அந்த அரிசியின் மேலேயே உளுந்தம்பருப்பைக் கோபுரமாகக் குவியுங்கள். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. ஆழாக்கு இல்லாவிட்டால் டம்ளரில் எடுக்கலாம், ஆனால் வாய் அகன்ற கிண்ணம் வேண்டாம், அதில் குவியல் கூடிப்போகும், உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். அரிசி கூடினால் பணியாரம் விறைத்துப்போகும். இரண்டையும் ஒன்றாக 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு, கொஞ்சம் பால் விட்டுக் கரையுங்கள். தோசை மாவைவிட ஒரு சுற்று நீர்க்க, கரண்டியிலிருந்து தடையில்லாமல் விழ வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது, "காலையிலேயே ஆட்டி வைத்துவிடுவேன், சாயங்காலம் இவர் வந்ததும் சுடுவேன்" என்று. அங்கேதான் கோளாறு. இது இட்லி மாவு இல்லை, புளிக்கவே கூடாது. கிரைண்டரிலிருந்து வழித்த கையோடு எண்ணெயைக் காயவைத்துவிடுங்கள். எண்ணெய் புகையவும் கூடாது, ஆறிக் கிடக்கவும் கூடாது. குழிவான சின்ன இருப்புச்சட்டியில் ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று, நடுவில் ஊற்றி, அது மேலே வந்ததும் கரண்டியால் எண்ணெயை அள்ளி அதன் தலையில் விட்டு, திருப்பிப் போட்டு, சிவக்க விடாமல் எடுத்துவிட வேண்டும். சுடுகிறவர் நின்றுகொண்டே இருக்க வேண்டிய பலகாரம் இது, அதனால் சாப்பிடுகிறவர்களை அடுப்படிக்கே கூப்பிட்டுவிடுங்கள். யாரும் வருவதற்காக மாவைக் காக்க வைக்காதீர்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி நான்கையும் பச்சையாக அரைத்து நல்லெண்ணெயில் தாளித்தால் போதும்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். எல்லா அறைக்கும் சந்தன நிறம் போதும் என்கிறார் இவர். எனக்கு அடுப்படிக்காவது நல்லதாக ஒரு நிறம் வேண்டும். ஆனால் எதோடு எது சேரும் என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது.
– வாசகி, பள்ளத்தூர்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருந்துகொண்டு நிறம் சேர்க்கத் தெரியாது என்கிறீர்களே! கடைக்காரர் தரும் நிற அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் பீரோவைத் திறந்து ஒரு கண்டாங்கிச் சேலையை எடுங்கள். (2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை, கட்டுகிறவர்களைத்தான் காணோம்.) பகல் வெளிச்சத்தில் கட்டிலில் விரித்துப் பாருங்கள். மஞ்சள், அரக்கு, கறுப்பு மூன்றும் இருக்கிற சேலையாக இருந்தால் நல்லது. மூன்றுக்கும் சம பங்கு கிடையாது. மஞ்சள் உடலெல்லாம் பரவியிருக்கும், அரக்கு கரையில் நிற்கும், கறுப்பு கட்டத்துக்குக் கோடு போட மட்டும் வரும். மூன்றும் சம பங்கு கேட்டுச் சண்டை போட்டிருந்தால் அந்தச் சேலையைப் பார்க்கச் சகிக்காது. சுவருக்கும் அதே கணக்குதான்: ஒன்று நிறைய, ஒன்று கொஞ்சம், ஒன்று தொட்டுக்கொள்ள.

அடுத்தது தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் ஆத்தங்குடிக்கே போய் அது செய்வதைப் பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூப்போட்ட அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் கண் அளவிலேயே ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, கலவையைப் பூசி, காயவைத்து, அப்புறம் சில நாள் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். சூளை கிடையாது, மெருகு எந்திரம் கிடையாது, அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் அடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன என்றால் நடுவில் வெள்ளையோ கறுப்போ ஒரு கோடு புகுந்து விலக்கிவிட்டிருக்கும், பல கற்களில் இதைப் பார்க்கலாம்.

ஆக உங்கள் தரையில் இருக்கும் அந்தப் பச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவுக்குப் பச்சை, மேலே வெள்ளை, நடுவில் ஒரு மெல்லிய அரக்குக் கோடு. கரியும் எண்ணெயும் படிகிற இடத்துக்கு அடர்ந்த நிறம் நல்லது, துடைத்தால் போகிற பெயின்டாகக் கேட்டு வாங்குங்கள். முழுச் சுவரையும் அடிப்பதற்கு முன் 2 அடிக்கு 2 அடி மட்டும் அடித்துவைத்து, காலையில் ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட்டில் ஒரு தடவை பாருங்கள். அவரிடம் சொல்லுங்கள், சன்னலுக்கு மேலே நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி வைத்துக் கட்டின ஊர்க்காரர் சந்தன நிறம் கேட்கலாமா என்று.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. போர்டில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுகிறவர்கள் செய்த வேலை அது. வீட்டுச் சமையலில் காரத்தைவிட வாசம்தான் முன்னால் வரும்: சோம்பு, மிளகு, பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி. கல்பாசியும் ஒரு சிட்டிகைதான், கூடினால் குழம்பு கசக்கும். தித்திக்கிற பால் பணியாரமும் உக்காரையும் எந்த ஊர்ப் பலகாரம் என்று நினைத்தீர்கள்?

எங்கள் ஆயா (பாட்டி) கைப்பட எழுதிய சமையல் நோட்டு கிடைத்திருக்கிறது. ஆழாக்கு, உரி, பலம், வீசை என்று இருக்கிறது. பாதிக் குறிப்புகள் "பதம் பார்த்து இறக்கவும்" என்று முடிந்துவிடுகின்றன. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
– வாசகி, சென்னை (சொந்த ஊர் காரைக்குடி)

கொடுத்துவைத்தவர் நீங்கள். முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், பழைய நோட்டின் தாள் தொடத் தொட உதிரும்.

கணக்கு இதுதான். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, அதாவது படிக்கு 8 ஆழாக்கு. எடையில் ஒரு பலம் சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958இல் கிலோவும் கிராமும் புழக்கத்துக்கு வரத் தொடங்கிவிட்டன, ஆனால் அடுப்படி அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. படி ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும் குறையும் என்பதால் மில்லிலிட்டரில் மாற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் சரியாக வந்துவிடும். ஆயாவின் ஆழாக்கே வீட்டில் எங்காவது கிடந்தால் பாக்கியம், பரணில் தேடுங்கள்.

"பதம்" என்று நிறுத்தியிருக்கிறாரே, அது அவருக்குக் கை அறிந்த விஷயம், எழுத வேண்டும் என்றே தோன்றியிருக்காது. அதிரசம் என்றால், வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் கையில் மெத்தென்று உருட்ட வர வேண்டும். மற்றதை ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்த்து, நீங்கள் கண்ட பதத்தைப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். நோட்டு பாழாகிவிடும் என்று பயப்படாதீர்கள், ஆயாவே நாலு இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பார், பாருங்கள்.

ஒரு சமையல் நோட்டுக்கு இவ்வளவா என்று வீட்டில் யாராவது கேட்டால், கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லுங்கள். புத்தகம், பத்திரிகை மட்டுமா, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று அச்சடித்த தாள் எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதை வைத்துத்தான் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டானது. அது சென்னையில்தான் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். நோட்டைப் பாதுகாப்பதில் சந்தேகம் இருந்தால் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

மாமியார் கொடுத்த இனாமல் அடுக்கும் பீங்கான் தட்டுகளும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எடுத்துப் புழங்கலாமா? உடைந்துவிட்டால்?
– வாசகி, கண்டனூர்

உடைந்தால் ஒன்று குறையும். பூட்டியே வைத்திருந்தால் அத்தனையும் ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகும். அங்கே வெளியூர்க்காரர்கள் ஆசை ஆசையாக எடுத்துப் பார்ப்பதெல்லாம் நம் வீட்டுப் பாத்திரம்தானே! நீலக் கரை வைத்த இனாமல் தட்டில் கருப்பட்டிப் பணியாரத்தை வைத்துப் பாருங்கள், அப்புறம் எவர்சில்வர் பிடிக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: இனாமல் பெயர்ந்த பாத்திரத்தில் சமைக்க வேண்டாம், சில்லு உணவில் விழும். அதில் வெங்காயம், பூண்டு போட்டு வையுங்கள்.

புத்தகம் வாங்கி வாங்கி அடுக்குகிறேன். நாலு பக்கம் படித்தால் கை போனைத் தேடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கொத்தமங்கலம்

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் தலையணை மாதிரித் தடித்த புத்தகம். அத்தனையும் "படிக்க வேண்டும்" என்று வாங்கியவை, ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. அவற்றைக் கொஞ்ச நாள் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டுச் சிறுகதையோ பயணக் கட்டுரையோ எடுங்கள். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, பிடிக்காவிட்டால் மூடிவிடலாம்.

அப்புறம், படிப்பதற்கென்று தனி நேரம் தேடாதீர்கள், அது வராது. இட்லி வேகிற 10 நிமிடம், சுண்டல் விசில் வருகிற நேரம், இதெல்லாம் உங்கள் வீட்டில் தினமும் உண்டு. அந்த நேரத்தில்தான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, அதன் இடத்தில் புத்தகம் இருக்கட்டும். அடுப்படி மேடையில் எண்ணெய் படாத மூலையாகப் பார்த்து ஒன்றை வையுங்கள், பக்கம் மஞ்சளானாலும் பரவாயில்லை. வீட்டில் ஒருவர் அவரைக்காய் ஆயும்போது மற்றவர் உரக்கப் படிப்பதும் நல்ல பழக்கம், காய் ஆய்கிறவருக்கு அலுப்புத் தெரியாது, நடுவில் எழுந்து போகப் படிக்கிறவருக்கு மனசு வராது.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. கம்பன் விழாவுக்குப் போய் ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு, அன்று ராத்திரியே அவர்கள் சொன்ன பாடல்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். காதில் விழுந்த பாட்டு கண்ணுக்குச் சுலபமாக ஏறும்.

ஓய்வு பெற்றுவிட்டேன். சமையல் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகர், கானாடுகாத்தான்

சிரிக்கட்டும் அண்ணே. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள், கிட்டங்கியில் (தொழில் நடத்தித் தங்கியிருந்த கட்டடத்தில்) சாப்பிட்டது ஆண்கள் சமைத்ததைத்தான். நம் கல்யாண வீட்டில் கரண்டி பிடிப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான்.

கோசுமல்லியில் தொடங்குங்கள், அது யாரையும் கைவிடாது. கத்தரிக்காயை வேகவைத்துத் தோலை உரித்துக் கையால் மசியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தக்காளியும் வதக்கி, மசித்ததைப் போட்டு, நீர்க்கக் கரைத்த புளியும் உப்பும் விட்டு ஒரு கொதி. அவ்வளவுதான். இடியாப்பத்துக்கு அருமையாக இருக்கும், இடியாப்பத்தை வீட்டம்மாவைப் பிழியச் சொல்லுங்கள், முதல் நாளே எல்லாவற்றிலும் கை வைத்தால் வம்பு. முக்கியமாக, சமைத்த பாத்திரத்தை நீங்களே கழுவிவிடுங்கள், சிரிப்பு தானாக நின்றுவிடும்.

கவுனி அரிசி வேகவே மாட்டேன் என்கிறது. கரித்துணியெல்லாம் ஊதா.
– வாசகி, புதுவயல்

முந்தின ராத்திரியே கழுவி ஊறப் போடுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நிறமெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதையே விட்டுக் குக்கரில் 7, 8 விசில், பிறகு சிறு தீயில் கொஞ்ச நேரம். விரலால் நசுக்கினால் மசிந்த பிறகுதான் சர்க்கரை. முதலிலேயே போட்டீர்களானால் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். கடைசியில் நெய், தேங்காய்ப்பூ. பர்மாவிலிருந்து வந்த அரிசி, நம் வீட்டு விசேஷத்தில் இப்படி நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த ஊதாத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டுங்கள், சிவப்பாகிவிடும். துணிக் கறையை ஈரம் காய்வதற்குள் அலசுங்கள். அன்றைக்கு வெள்ளைத் துணியை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள்.