ஹைஸ்கூல் கோச் காலேஜுக்குப் போனால் பின்னாலேயே போகலாமா?

தம்பி, அமெரிக்காவில் படிக்கும் உங்கள் பையனுடைய ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் கோச் காலேஜ் ஹெட் கோச்சாகப் போகிறார், "நீயும் வா" என்கிறார், அங்கேயும் ஜெயிப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டம் சொல்லித்தரும் திறமை கூடவே போகும். ஆனால் காலேஜில் பாதி வேலை நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி அணிக்கு இழுப்பது.

ஆட்டமும் அதே ஆட்டம் இல்லை. பள்ளியில் 32 நிமிடம், பல மாநிலங்களில் ஷாட் கிளாக்கே (இத்தனை விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கெடு) கிடையாது. ஆண்கள் காலேஜில் 40 நிமிடம், 30 விநாடி கிளாக். மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குப் போய்விடும். பள்ளிப் பசங்களைத் திணறடித்த ஃபுல் கோர்ட் பிரஸ்ஸை (மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கும் தடுப்பாட்டம்) பந்தை நகர்த்திச் செல்லும் காலேஜ் ஆட்டக்காரர்கள் இரண்டே பாஸில் உடைத்துவிடுவார்கள்.

இப்படிப் பள்ளியிலிருந்து காலேஜுக்குப் போன இருவரைப் பாருங்கள். பாப் வேட், பால்டிமோரின் டன்பார் பள்ளியில், பின்னாளில் என்பிஏவில் ஆடிய மக்ஸி போக்ஸ் போன்றவர்களை வைத்து அசைக்க முடியாத அணி நடத்தியவர். 1986இல் நேராக மேரிலண்ட் பல்கலைக்குப் போனார். மூன்று சீசனில் 36 வெற்றி, 50 தோல்வி. அந்தப் பல்கலையின் நட்சத்திர ஆட்டக்காரர் லென் பயஸ் இறந்த கையோடு பொறுப்பேற்றவர், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டான் ஹர்லி நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் ஒன்பது வருடம் பள்ளிக் கோச். ஆனால் அதற்கு முன்பே ரட்கர்ஸில் அசிஸ்டண்டாக இருந்தவர். 2010இல் சின்ன வாக்னர் காலேஜில் தொடங்கி, ரோட் ஐலண்ட் வழியாக யூகானுக்கு (கனெக்டிகட் பல்கலை) போய் 2023, 2024 தேசியப் பட்டங்களை வாங்கினார். எனவே உங்கள் கோச் முன்பு காலேஜில் அசிஸ்டண்டாக இருந்தாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், அனுபவமுள்ள அசிஸ்டண்டுகளைச் சேர்க்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்து, காலேஜ் எந்த டிவிஷன் (காலேஜ் விளையாட்டின் மூன்று அடுக்குகளில் 1தான் மேல் அடுக்கு)? டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்லை. டிவிஷன் 1இல் அணியில் இடம் சுமார் 15தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கும் கோச், 18 வயதுப் பையனை விட டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வரும் 22 வயதுக்காரனைத்தான் எடுப்பார். வாய்வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது, எழுத்தில் வாங்குங்கள்.

டிவிஷன் 1இல் ஆட, ஹைஸ்கூலில் 16 கோர் பாடங்களும் (ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்ற முக்கியப் பாடங்கள்) அவற்றில் 2.3 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) வேண்டும். 9ஆம் வகுப்பை ஊரில் படித்திருந்தால் அந்த மார்க் ஷீட்டையும் கேட்பார்கள், இப்போதே வரவழைத்து வையுங்கள். பையன் எச்-4இல் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் இங்கே வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. விளம்பரப் பணம் தருகிறோம் என்று யாராவது காகிதம் நீட்டினால், குடியேற்ற வக்கீலிடம் காட்டிய பிறகே கையெழுத்து.