அமீலியா இயர்ஹார்ட் காணாமப் போன கேஸ்: ரேடியோ பக்கம் கேளுங்க, சொல்றேன்

1937 ஜூலை 2, நியூ கினியாவுல லே-ங்கிற ஊர்ல இருந்து கெளம்புன, விமானத்துல உலகத்தச் சுத்தி வந்துக்கிட்டிருந்த அமெரிக்கப் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட்டும் வழி கணக்குப் போடுற நேவிகேட்டர் ஃப்ரெட் நூனனும் பசிபிக் நடுவுல இருக்கிற ஹவ்லண்ட் தீவுக்கு வந்து சேரவே இல்ல. நான் ஹாம் ரேடியோ ஆளு, அதாவது பொழுதுபோக்கா ரேடியோ வச்சுப் பேசுறவன், அந்தப் பக்கம் கேட்டா விரிவா சொல்வேன். ஆவி, ஜாதகம்னு வந்தா ஓடிருவேன். ஒண்ணே ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், ஒரே ஒரு படத்தைக் காட்டி "கண்டுபிடிச்சாச்சு"ன்னு எவனாச்சும் சொன்னா ஒரு வருஷம் பொறுங்க.

கேள்வி: அண்ணே, தீவுகிட்ட கப்பல் நின்னுச்சு, ரேடியோவும் இருந்துச்சு, அப்புறம் எப்படி தவறிப்போச்சு?

தம்பி, மொத்த கேஸும் இதுதான். ஹவ்லண்ட் நீளமே ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், லே-ல இருந்து 4,100 கிலோமீட்டர் தூரம், விடிய விடிய பறந்து வந்து கண்ணால மட்டும் தேடிப் பிடிக்கிற சைஸ் இல்ல. கடைசி கொஞ்ச தூரத்துக்கு ரேடியோ வேணும், அதுக்குத்தான் இட்டாஸ்கான்னு அமெரிக்க கோஸ்ட் கார்டு கப்பல் நின்னுச்சு. அந்தம்மா 7500 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்பச் சொன்னாங்க, கப்பலும் அனுப்புச்சு, கேக்குதுன்னு அவங்களே சொன்னாங்க, ஆனா திசை பிடிபடல. ஏன்னா விமானத்துல இருந்த லூப் ஆண்டெனாவ (திசை பிடிக்கிற வளைய ஆண்டெனா) வச்சு அவ்ளோ உசந்த அலைவரிசையில திசை பாக்க முடியாது, சில நூறு கிலோஹெர்ட்ஸ்லதான் அது ஒழுங்கா வேலை செய்யும். சரி, கப்பலாவது அவங்க இருக்கிற திசையப் பிடிக்கலாம்னா அவங்க பேசுனது 3105 கிலோஹெர்ட்ஸ்ல, கப்பல்ல இருந்த கருவி அதுக்கு எட்டாது. தீவுல தனியா ஒரு கருவி வச்சிருந்தாங்க, அதோட பேட்டரி எறங்கிப்போச்சு, அந்தம்மாவும் சில நொடி பேசிட்டு நிறுத்திருவாங்க, அந்த நேரத்துல எவனாலயும் திசை எடுக்க முடியாது. மோர்ஸ்ல (புள்ளியும் கோடுமா தட்டி அனுப்புற சேதி) பேசலாம்னா ரெண்டு பேருக்குமே பழக்கம் கம்மி.

காலைல 7:42க்கு "உங்க பக்கத்துலதான் இருக்கணும், கண்ணுக்குத் தெரியல, பெட்ரோல் கொறையுது"ங்கிற மாதிரி சொல்றாங்க. 8 மணி வாக்குல சிக்னல் அவ்ளோ பலமா வந்திருக்கு, கப்பல்ல இருந்தவங்க வானத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாங்க. இவ்ளோ கிட்ட வந்தும் கப்பல்காரங்க வாயால கூப்பிட்டது எதுக்குமே பதில் இல்ல.

கேள்வி: ஜப்பான்காரங்க பிடிச்சுட்டுப் போயிட்டாங்களாமே?

ஆதாரம் இல்ல. அடுத்தது.

கேள்வி: கடைசியா சொன்ன "157 337" என்ன சார்? ரகசியக் கோடா?

ரகசியமெல்லாம் இல்லங்க, திசை. அன்னிக்கு சூரியன் உதிச்ச திசை சுமார் 67 டிகிரி, அதுக்குக் குறுக்கா ஒரு கோடு போட்டா 157-337 வரும். உதிக்கிற சூரியன அளந்தா அந்தக் கோட்டுல எங்கேயோ இருக்கோம்னு மட்டும் தெரியும். ரோடு தெரியுது, எந்த ஊர் தாண்டினோம்னு தெரியல, அந்தக் கதைதான். அதனாலதான் 8:43க்கு கோட்டு மேலயே வடக்கயும் தெற்கயும் பறக்குறோம்னு சொன்னாங்க. அதே சேதியை 6210ல திரும்பச் சொல்றேன்னாங்க, அப்புறம் கப்பலுக்கு எதுவும் கேக்கல.

கேள்வி: அப்ப அந்தக் கோட்டுலயே தெற்க போனா ஃபீனிக்ஸ் தீவுகள்ல ஒண்ணான நிக்குமரோரோ வருதே? அங்க எலும்பு கெடச்சது உங்களுக்குத் தெரியாதா?

வந்துட்டீங்களா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 1940ல கெடச்சுது, 1941ல ஃபிஜியில ஒரு டாக்டர் பாத்துட்டு ஆம்பளைன்னு சொன்னார், அப்புறம் எலும்பே தொலஞ்சுபோச்சு. 2018ல எலும்பு ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் ஜான்ட்ஸ் அந்தப் பழைய அளவுகளை வச்சு அமீலியாவுக்கு ஒத்துப்போகுதுன்னு எழுதினார். அளவு ஒத்துப்போறது வேற, ஆள் இவங்கதான்னு சொல்றது வேற.

கேள்வி (அதே ஆள்): அதுக்கப்புறம் பல ராத்திரி வந்த சிக்னல்? தண்ணில முங்குன விமானம் எப்படி பேசும்?

இது நல்ல கேள்வி, உங்க கட்சியிலயே உருப்படியான வாதம் இதுதான். பான் ஆம் விமானக் கம்பெனி ஸ்டேஷன்கள் எடுத்த சில பேரிங், அதாவது சிக்னல் வந்த திசைக் கோடு, ஃபீனிக்ஸ் தீவுகள் பக்கம் வெட்டுது, மறுக்கல. ஆனா அந்த ராத்திரிகள்ல அதே 3105ல அவங்களைத் தேடி ஊர்பட்ட ஸ்டேஷன் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, வெளையாட்டுக்குப் பேசுனவனும் உண்டு. ராத்திரி வர்ற பலவீனமான சிக்னல்ல எடுத்த பேரிங் எவ்ளோ ஆடும்னு ரேடியோ ஆளுங்ககிட்ட கேளுங்க. அப்புறம், ஜூலை 9ல கொலராடோ போர்க்கப்பலோட விமானங்கள் அந்தத் தீவு மேலயே பறந்துச்சு, ஆள் நடமாட்டத்துக்கு அடையாளம் இருக்குன்னாங்க, விமானமும் தெரியல ஆளும் தெரியல.

கேள்வி (அதே ஆள்தான்): அலை இழுத்துட்டுப் போயிருக்கும்! அந்தத் தீவோட சாட்டிலைட் படத்துல விமானம் மாதிரி தெரியுதே, அமெரிக்காவோட பர்டியூ பல்கலைக்கழகமே போகப்போகுது!

2025ல அறிவிச்சாங்க, போகட்டும், பாக்கட்டும், எனக்கும் ஆசைதான். அதுவரைக்கும் அது வெறும் படம். 2024 ஜனவரியில கடலடியில விமானம்னு ஒரு சோனார் படம் (ஒலி அலைய வச்சு எடுக்குறது) உலகம் பூரா சுத்துச்சுல்ல, நவம்பர்ல பாறைன்னு தெரிஞ்சுது. ஒரு வருஷம் பொறுங்கன்னு இதுக்குத்தான் சொல்றேன்.

கேள்வி: ஜப்பான் சிறையில இருந்ததா போட்டோ பாத்தேன் சார்.

மார்ஷல் தீவுகள்ல ஜாலூயிட் துறைமுகத்துப் படம்தானே? 2017ல டிவியில வந்துச்சு, சில நாள்லயே ஒரு ஜப்பான் பிளாகர் அதே படத்த 1935ல அச்சான புஸ்தகத்துல காட்டிட்டார். 1937ல தொலஞ்சவங்க 1935 புஸ்தகத்துல எப்படிங்க வருவாங்க?

கேள்வி: இந்தியாவுக்கு வந்தாங்களா?

அந்தப் பயணத்துலயே கராச்சி (அப்ப அதுவும் இந்தியாதான்), கல்கத்தா ரெண்டும் உண்டு. அங்கிருந்து பர்மாவுல அக்யாப், ரங்கூன்.

கேள்வி: ஜப்பான்காரங்கதான...

மேல ஏற்கனவே சொன்ன பதிலைப் படிங்க.

கேள்வி: உங்க கணக்குல என்ன ஆச்சு அங்கிள்?

ஹவ்லண்ட் பக்கத்துலயே பெட்ரோல் தீந்து கடல்ல எறங்கிருக்கும். அங்க ஆழம் 5,000 மீட்டருக்கு மேல, ஆளாளுக்குத் தேடியும் கெடைக்காததுல ஆச்சரியம் இல்ல.

கேள்வி: லூப் ஆண்டெனாவ வச்சு திசை பிடிக்கிறது நாமளே செஞ்சு பாக்கலாமா?

அப்பாடா, ஒருத்தராச்சும் கேட்டீங்களே. பழைய ஏ.எம். ரேடியோ போதும், உள்ள இருக்கிற ஃபெரைட் கம்பி ஆண்டெனாவும் லூப் மாதிரிதான். ஒரு ஸ்டேஷன் வச்சுட்டு ரேடியோவ மெதுவா சுத்துங்க. சத்தம் ஜாஸ்தியா வர்ற எடம் அகலமா இருக்கும், அத நம்பாதீங்க. சத்தம் சட்டுனு செத்துப்போற எடம்தான் கூர்மையா இருக்கும், அப்ப அந்தக் கம்பி நீளவாக்குல காட்டுற கோட்டுலதான் ஸ்டேஷன் இருக்கு. அமீலியாவுக்குக் கெடைக்காம போனதும் அந்த எடம்தான். கோட்டுல எந்தப் பக்கம்னு தெரியணும்னா கொஞ்ச தூரம் தள்ளிப்போய் இன்னொரு தடவ அளந்து ரெண்டு கோடும் எங்க வெட்டுதுன்னு மேப்ல பாருங்க.