என்.எஃப்.எல். சாலரி கேப்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் அணிகள் சம்பளப் பணத்தை எப்படிச் செலவழிக்கின்றன, ஓர் அணி ஓர் ஆண்டுக்குச் செலவழிக்கக்கூடிய சம்பள வரம்பான 'சாலரி கேப்' எப்படி வேலை செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக ஆட்டத்தைவிட இந்தக் கணக்கைத்தான் அதிகம் பின்தொடர்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐபிஎல் ஏலத்தில் அணிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைப்பார்களே, அதேதானா?

அடிப்படை அதேதான். 2025 ஐபிஎல்லுக்கு ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய்; அதே ஆண்டு என்.எஃப்.எல்.லில் ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். 1994இல் தொடங்கியபோது வெறும் 3.46 கோடி டாலர். லீகின் வருமானத்தோடு சேர்த்துக் கட்டிய தொகை இது. கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்ததில் 2021க்கு 18.25 கோடியாக இறங்கியது, பிறகு மளமளவென்று ஏறிவிட்டது.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே வீரர் கையில் வாங்கும் பணம் ஒன்று, அந்த ஆண்டின் கேப் கணக்கில் ஏறும் தொகை வேறொன்று.

கேள்வி: அது எப்படி வேறாகும்? கொடுத்த பணம் கொடுத்ததுதானே?

இங்கேதான் சூட்சுமமே. ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 5 கோடி டாலர் சைனிங் போனஸ், அதாவது கையெழுத்துப் போட்டதற்கான முன்பணம், என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வீரருக்கு உடனே போய்விடும். கேப் கணக்கிலோ வருடத்துக்கு 1 கோடி என்று ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் நீட்ட முடியாது. இந்த வருடம் இடம் போதவில்லையா? ஒரு நட்சத்திர வீரரின் சம்பளத்தில் பெரும்பகுதியை போனஸாக மாற்றி, மீதி ஆண்டுகளின் தலையில் ஏற்றிவிடலாம். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியினர் ஒருபடி மேலே போய், வீரர் ஆடப்போகாத ஆண்டுகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்து அவற்றின் மீதும் பிரித்துப் போடுவார்கள். கேப் தொகை ஆண்டுக்காண்டு ஏறுவதால் இன்றைய 1 கோடி நாளைக்குச் சின்னதாகத் தெரியும். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: இரண்டே வருடத்தில் அந்த வீரரை நீக்கிவிட்டால் மீதி 3 கோடி?

ஓடி ஒளிய முடியாது. இன்னும் எழுதாத அந்த 3 கோடி வழக்கமாக மொத்தமாக, சில சமயம் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்து, வந்து விழும். இதைத்தான் 'டெட் மனி' என்கிறார்கள். ஆடாத ஆளுக்காகக் கேப்பில் ஓர் இடம் அடைபட்டுக் கிடக்கும்.

டென்வர் பிரான்கோஸ் அணி பட்டதைப் பாருங்கள். 2022இல் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனுக்கு ஐந்தாண்டுக்கு 24.5 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தார்கள். அந்தப் புது ஆண்டுகளில் முதலாவது தொடங்குமுன்பே, 2024 மார்ச்சில், அவரை நீக்கினார்கள். டெட் மனி 8.5 கோடி, 2024, 2025 என்று இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமந்தார்கள். அவ்வளவு சுமையோடும் 2024இல் பிளே ஆஃப் போனார்கள். காரணம், டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், புதிதாக எடுத்த குவாட்டர்பேக் போ நிக்ஸ் குறைந்த சம்பளத்தில் ஆடினார்.

கேள்வி: அப்படியென்றால் இளம் குவாட்டர்பேக் கிடைப்பது அவ்வளவு பெரிய லாபமா?

லீகிலேயே அதைவிடப் பெரிய லாபம் இல்லை. கல்லூரியிலிருந்து டிராஃப்டில் வருபவர்களுக்கு 2011 முதல் சம்பள அளவு நிர்ணயம் உண்டு. 2010இல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். அடுத்த ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனின் மொத்த ஒப்பந்தமே சுமார் 2.2 கோடிதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் குவாட்டர்பேக் பிராக் பர்டி 2022 டிராஃப்டில் 262 பேரில் கடைசி ஆள். 2023இல் அவர் சம்பளம் 9 லட்சம் டாலர்கூட இல்லை. அந்த மிச்சத்தில்தான் சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றிலும் நட்சத்திரங்களை நிறுத்தி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. 2025இல் அவருக்கு ஐந்தாண்டுக்கு 26.5 கோடி. அது வருகிறதென்று தெரிந்து, அதே ஆண்டு மார்ச்சிலேயே டீபோ சாமுவேல், டிரே கிரீன்லா, ஹுஃபாங்கா என்று வீரர்கள் வரிசையாகப் போனார்கள். ஓர் ஒப்பந்தம் ஓர் அணியின் முகத்தையே மாற்றிவிடும்.

கேள்வி: முதலாளி கஞ்சத்தனமாகச் செலவே செய்யாமல் இருக்கலாமா?

முடியாது. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான தற்போதைய ஒப்பந்தப்படி சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, கேப்பில் 90 சதவீதமாவது ரொக்கமாகச் செலவழித்தாக வேண்டும்.

கேள்வி: பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

எனக்கு மனது வலிக்கும் இடம் இது. அதிகம் அடிபடுவது அவர்கள்தான். முதல் ஒப்பந்தம் முடியும்போதே உடம்பு பாதி தேய்ந்திருக்கும். அதே வேலைக்கு டிராஃப்டில் மலிவான இளைஞன் கிடைப்பான். ஆகவே அணிகள் கையை இறுக்கிக்கொள்கின்றன. சேக்வான் பார்க்லியை நியூயார்க் ஜயன்ட்ஸ் அப்படித்தான் விட்டார்கள். ஈகிள்ஸ் 3 ஆண்டுக்கு 3.775 கோடி கொடுத்து எடுத்தது. 2024 சீசனில் அவர் ஓடியது 2,005 யார்டு, முடிவில் சூப்பர் பவுல் கோப்பை. நல்ல குவாட்டர்பேக்கின் ஒரே ஆண்டுச் சம்பளம் அவருடைய மூன்றாண்டு மொத்தத்தைவிட அதிகம்.