லோயரைத் தேடும் முன் பழைய ஃபைலைத் தேடுங்கள்

கேள்வி: லண்டனில் குடிவரவு அலுவலகத்துக்கு வழக்கம்போல் சைன் பண்ணப் போன என் மச்சானை அப்படியே பிடித்து ஹீத்ரோ பக்கத்துத் தடுப்பு முகாமில் போட்டுவிட்டார்கள். இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். லோயருக்குக் கொடுக்க எங்களிடம் காசு இல்லை. யாரைப் பிடிக்கலாம்?

முதலில், யாரையும் பிடிக்காதீர்கள். இப்படிக் கேட்டுக்கொண்டு அலைகிற குடும்பங்களைத் தேடியே சில ஆட்கள் லண்டனில் இருக்கிறார்கள். ஹோம் ஒஃபிஸுக்குள் (பிரிட்டனின் உள்துறை அமைச்சு) தனக்கு ஆள் தெரியும், மூவாயிரத்தைந்நூறு பவுண் முற்பணம் தந்தால் பிளைட்டை நிறுத்திக் காட்டுகிறேன் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கார் பார்க்கில் நின்றுகொண்டுதான் சொன்னார். ஒஃபிஸ் எங்கே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. ஒரு மொத்த வியாபாரக் கடையில் வான் ஓட்டுகிறேன். என் சித்தியின் மகனை 2019 வசந்தத்தில் இதே மாதிரி சைன் பண்ணப் போன இடத்தில் வைத்துப் பிடித்தார்கள். அதற்காக ஓடித் திரிந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். சட்டம் படித்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள், கோபப்படமாட்டேன். இது இங்கிலாந்து நிலவரம். ஸ்கொட்லாந்தில் சில நடைமுறைகள் வேறு.

காசு இல்லை என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. முகாமுக்குள்ளேயே இலவச சட்ட ஆலோசனை இருக்கிறது. உள்ளே இருக்கிற யாரும் பெயர் கொடுக்கலாம். வருமானமும் கேட்கமாட்டார்கள், கேஸ் பலமானதா என்றும் பார்க்கமாட்டார்கள், 30 நிமிடம் ஒரு லோயர் கதைப்பார். முகாம் நூலகத்திலோ நலன்புரி அலுவலகத்திலோ பெயர் எழுதச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் கேஸை எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யப் பார்ப்பார். எடுத்தால் லீகல் எய்ட் (அரசு செலவில் சட்ட உதவி) எழுதிக்கொள்வார். வெற்றி வாய்ப்புக் குறைவு என்று கைவிரித்தால், மறுத்ததற்கு சிடபிள்யூ 4 என்ற படிவத்தைத் தரும்படி கேட்க வேண்டும். அதை வைத்து மறுபரிசீலனைக்குப் போகலாம். நாமாகக் கேட்டால்தான் அதைத் தருவார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 30 நிமிடத்தில் உங்கள் மச்சான் என்ன சொல்லப்போகிறார்? இதுதான் விஷயம். என் தம்பியிடம் முதல் அகதிக் கேஸ் எப்போது மறுக்கப்பட்டது, அப்பீலில் நீதிபதி என்ன எழுதினார் என்று கேட்டால், "எல்லாம் ரிஜெக்ட் அண்ணா" என்பான். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எந்த லோயராக இருந்தாலும் அதை வைத்து என்ன செய்ய முடியும்? மறுப்புக் கடிதம் வேண்டும், அப்பீல் தீர்ப்பு வேண்டும், முதன்முதல் கொடுத்த இன்டர்வியூவின் பிரதி வேண்டும். இவை இல்லாமல் வருகிற லோயர் நல்லவராக இருந்தாலும் கை கட்டப்பட்டவர்தான்.

தம்பியின் பழைய லோயர் கந்தோர் பூட்டிக் கிடந்தது. கீழே கோழிப்பொரியல் கடை, மேலே வெறும் ஜன்னல். கந்தோர் பூட்டினாலும் ஃபைல் உடனே அழிந்து போகாது. லோயர்களைக் கண்காணிக்கிற சொலிசிற்றர்ஸ் ரெகியுலேஷன் அதொரிற்றி தலையிட்டு மூடிய நிறுவனங்களின் கோப்புகளை அதுவே எடுத்து வைத்திருக்கும். வேறு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தால் அங்கே இருக்கும். எதுவானாலும் தம்பியின் கையெழுத்துடன் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். இங்கேதான் நான் எதிர்பாராத சிக்கல் வந்தது. கமரா இருக்கிற போனை உள்ளே விடமாட்டார்கள். அவனுடைய போனை வாங்கி வைத்துவிட்டு, பொத்தான் வைத்த சின்னப் போன் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். சிம்மை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வைபர், வட்ஸ்அப், படமெடுத்து வைத்த கடிதங்கள் எல்லாம் பூட்டிய அலுமாரிக்குள். கிளிநொச்சியில் இருக்கிற தாயின் நம்பர்கூட அவனுக்கு மனப்பாடம் இல்லை. கடைசியில் ஒப்புதல் கடிதம் ஃபாக்ஸில் போய் ஃபாக்ஸில் வந்தது. 2019 இல் லண்டனில் ஃபாக்ஸ் மெஷின் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், தெரியும். எங்களுக்குப் பத்திரிகைக் கடை வைத்திருந்த ஒரு குஜராத்தி ஐயா உதவினார். காசு வாங்கவில்லை. நம் ஆட்களின் கடைகளிலும் கேட்டேன், அது வேறு கதை.

உங்கள் மச்சானுக்கு ஃபைல் கிடைக்காவிட்டால் ஹோம் ஒஃபிஸிடமே அவருடைய பதிவுகளை முழுமையாகக் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஒரு மாதம், சிலவேளை அதற்கு மேலும் இழுக்கும். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஃபைல் வந்தபோது அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவன் முதுகில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பற்றி மறுப்புக் கடிதத்தில் எழுதியிருந்தது. கேஸுக்காகத் தானே ஆள் வைத்துச் சூடு போட்டிருக்கலாமாம். சித்திக்கு இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் நேரம் எங்கள் பக்கம் இருந்தது. இதே மாதிரியான இன்னொரு இலங்கைத் தமிழரின் வழக்கில் 2019 மார்ச் 6 ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கே.வி. வழக்கு என்பார்கள். நீதிபதி வில்சன் பிரபு எழுதிய தீர்ப்பு. அகதி நிலை கிடைப்பதற்காக ஒருவர் தன் உடம்பில் ஆழமாகச் சூடு போடச் சம்மதிப்பது மிக மிக அரிது, அந்த உண்மையையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் லோயர் பெண் அதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது போதும், புதிய மனுக் கொடுக்கலாம்" என்றார். குடிவரவு விதிகளில் 353 ஆம் பந்தி என்று ஒன்று இருக்கிறது. முன்பு மறுக்கப்பட்டவரும் புதிய ஆதாரம் இருந்தால் அதன் கீழ் திரும்பக் கேட்கலாம்.

உங்கள் மச்சானுக்குச் சித்திரவதை நடந்திருந்தால் முகாம் மருத்துவரிடம் அதைச் சொல்லி 'ரூல் 35' அறிக்கை கேட்கச் சொல்லுங்கள். சும்மா தலையிடி என்று போய்ப் பனடோல் வாங்கிக்கொண்டு வரக்கூடாது. நம் பொடியன்கள் வெட்கத்தில் சட்டையைக் கழற்றமாட்டார்கள். அந்த அறிக்கை வந்தால் அவரைத் தொடர்ந்து அடைத்து வைப்பது சரியா என்று ஹோம் ஒஃபிஸ் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். மெடிக்கல் ஜஸ்ரிஸ் என்ற அமைப்பு சுயாதீன மருத்துவர்களை முகாமுக்குள் அனுப்பும். அவர்களுக்கும் அவரே போன் எடுக்கலாம்.

ஃபைலில் இருந்த இரண்டாவது விஷயம் பெயிலில் உதவியது, அது என்ன என்று பிறகு சொல்கிறேன். பெயிலை ஹோம் ஒஃபிஸிடமும் கேட்கலாம், நீதிமன்றத்திலும் கேட்கலாம். நீதிமன்றத்துக்கு பி 1 என்ற படிவம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீதிபதி ஒருமுறை மறுத்துவிட்டால், நிலைமையில் முக்கியமான மாற்றம் இல்லாமல் அடுத்த 28 நாளைக்குள் திரும்பப் போட்டால் விசாரணையே இல்லாமல் தள்ளிவிடுவார்கள். அதனால் அரைகுறையாக ஓடிப்போய்ப் போடாதீர்கள். அதேநேரம் பிந்தவும் கூடாது. பிளைட் திகதி 14 நாளைக்குள் குறிக்கப்பட்டிருந்தால், நீதிபதி பெயில் கொடுத்தாலும் ஹோம் ஒஃபிஸ் சம்மதித்தால்தான் வெளியே வரலாம். பெயில் ஃபோர் இமிகிரேஷன் டிட்டெய்னீஸ் என்ற தொண்டு நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. லோயர் இல்லாதவர்கள் தாங்களே பெயில் கேட்க வழிகாட்டிப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள்.

பெயிலுக்கு இரண்டு இருந்தால் நல்லது. தங்க ஒரு விலாசம், பொறுப்பு நிற்க ஒரு ஆள். விலாசத்துக்கு எங்கள் வீடு இருந்தது. பொறுப்பு நிற்பவர் முன்கூட்டிக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆள் ஓடிவிட்டால் இவ்வளவு கட்டுவேன் என்று நீதிபதி முன் உறுதி கொடுப்பதுதான். ஊதியத் துண்டு, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டுபோக வேண்டும். நான் ஒருவன் நின்றேன். என் சம்பளம் காணாது, இன்னொருவர் இருந்தால் நல்லது என்று லோயர் சொன்னார்.

அப்போதுதான் சொந்தம் என்றால் என்ன என்று பார்த்தேன். பெயரைச் சொல்லவில்லை, வாசித்தால் அவர்களுக்கே விளங்கும். ஒருவருக்கு "பிஸ்னஸில் இப்ப கொஞ்சம் இறுக்கம்." இன்னொருவருக்கு மனைவி விடமாட்டாவாம். மூன்றாமவர் ஆயிரம் பவுணுக்கு உறுதி சொல்லப் பயந்தார். அதே கோடையில் மகளின் சாமத்தியவீட்டுக்குக் குதிரை வண்டி பிடித்து, மண்டபத்து வாசலில் ட்ரோன் விட்டுப் படம் எடுத்தார். பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவர் எப்படி இந்த நாட்டுக்கு வந்தார்? 1987 இல் ஹீத்ரோவில் நம் ஆட்கள் திருப்பி அனுப்பப்படாமலிருக்க விமானம் நிற்கும் தரையில் உடுப்பைக் கழற்றி நின்றது பழைய பத்திரிகைகளில் இருக்கிறது. அதே ஆண்டு ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய கப்பலில் தமிழர்களை அடைத்து வைத்திருந்தார்கள். அக்டோபர்ப் பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது, அதன் பிறகுதான் ஆட்களை வெளியே விட்டார்கள். அந்தக் காலத்தில் வந்து காலூன்றிய ஆட்கள் இன்றைக்கு வருகிற பொடியனைப் பார்த்து, "இவங்கள் எல்லாம் காசுக்கு வாறவங்கள்" என்கிறார்கள். சரி, இதைக் கிளறினால் நிற்காது. பொறுப்பு நின்றது எங்கள் கடையில் என்னோடு வேலை செய்த ஒரு கானா நாட்டுக்காரர். தம்பியை அவருக்கு இரண்டு மூன்று வருடப் பழக்கம்.

ஹோம் ஒஃபிஸ் பெயிலை எதிர்த்தால் ஏன் எதிர்க்கிறது என்ற அறிக்கையை விசாரணைக்கு முந்திய வேலை நாள் பிற்பகல் 2 மணிக்குள் தரவேண்டும். எங்களுக்கு வந்ததில், இவர் முன்பு சைன் பண்ண வராமல் விட்டவர், திரும்பவும் தலைமறைவாகலாம் என்று இருந்தது. இரவு முழுக்க ஃபைலைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துத் தேடினோம். என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அந்தத் திகதியில் அவன் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கான கடிதம், மருந்துக் கட்டணத் துண்டு ஒன்றின் பின்னால் ஸ்டேப்பிள் அடித்தபடி இருந்தது.

ஹட்டன் குறொஸ் நீதிமன்றத்தில் விசாரணை. தம்பி நேரில் வரவில்லை, சுவரில் இருந்த திரையில் முகாமிலிருந்து தெரிந்தான். சத்தம் விட்டுவிட்டு வந்தது. மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில், அவன் அங்கே. நீதிபதி என்னிடம் கேட்டது, அவனை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பேன், அவன் வீட்டுக்கு வராவிட்டால் முதலில் என்ன செய்வேன் என்பதுதான். உண்மையைச் சொன்னால் போதும், பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு ஹோம் ஒஃபிஸ் தரப்புக்குக் காட்டினார். பெயில் கிடைத்தது. புதிய மனு முதலில் மறுக்கப்பட்டு, அப்பீலில் வென்று, இப்போது அவனுக்கு விசா இருக்கிறது.

பெயில் கிடைத்தால் நாடுகடத்தல் நின்றுவிட்டது என்று நினைக்கவேண்டாம். இரண்டும் வேறு வேறு அலுவல். பிளைட் திகதி வந்துவிட்டால் ஜுடிசியல் ரிவியூ (ஹோம் ஒஃபிஸின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கக் கேட்பது) போட்டுத் தடை கேட்கவேண்டி வரலாம், அது லோயர் இல்லாமல் மிகக் கஷ்டமான காரியம். உங்கள் பகுதி எம்பியின் கந்தோருக்கும் எழுதுங்கள், செலவில்லை. இலங்கைக் கேஸ்களுக்கு 2013 இன் ஜி.ஜே. வழக்கும் 2021 இன் கே.கே. - ஆர்.எஸ். வழக்கும்தான் வழிகாட்டித் தீர்ப்புகள். இரண்டாவதில் புலம்பெயர் நாட்டில் அரசியல் செயற்பாட்டில் இருப்பவர்களுக்குத் திரும்பிப் போனால் வரும் ஆபத்தைப் பார்த்திருக்கிறார்கள். மச்சான் அப்படி ஏதும் செய்பவராக இருந்தால் லோயரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். பிரிட்டனில் இதற்கு நாள் கணக்கில் சட்ட வரம்பு இல்லை. 1983 இல் ஹர்தியால் சிங் என்ற இந்தியரின் வழக்கில், திருப்பி அனுப்புவதற்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொன்னார்கள். நமக்கு 83 என்றால் கறுப்பு ஜூலைதான் ஞாபகம், ஆனால் இன்றைக்கும் லோயர்கள் அந்த வழக்கைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். புரூக் ஹவுஸ் முகாமில் நடந்த கொடுமைகளை விசாரித்த குழு 28 நாள் என்று வரம்பு வைக்கச் சொல்லி 2023 இல் அறிக்கை கொடுத்தது.

"களவாக வந்தவனுக்கு எதற்கு வக்காலத்து" என்று கீழே ஒருவர் வந்து எழுதுவார், தெரியும். கேஸ் பொய்யா உண்மையா என்று நீதிபதி பார்க்கட்டும். தழும்பு போலி என்று ஒரு கடிதமும் உண்மை என்று ஒரு தீர்ப்பும் ஒரே முதுகைப் பார்த்துத்தான் எழுதப்பட்டன. உங்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

காசு வாங்கி ஆலோசனை சொல்ல யாராவது வந்தால், அவர் பதிவு செய்தவரா என்று பாருங்கள். லோயர் என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன சொலிசிற்றர்ஸ் ரெகியுலேஷன் அதொரிற்றியின் பட்டியலில் இருப்பார். லோயர் இல்லாத ஆலோசகர்கள் இமிகிரேஷன் அட்வைஸ் அதொரிற்றியின் பட்டியலில் இருக்கவேண்டும். 2025 வரை அதற்கு ஓஐஎஸ்சி என்று பெயர். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம்.

மச்சான் எந்த முகாமில் இருக்கிறார், பிளைட் திகதி கொடுத்துவிட்டார்களா, பழைய லோயர் கந்தோர் இன்னும் திறந்திருக்கிறதா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். அவருடைய பெயரையும் ஹோம் ஒஃபிஸ் நம்பரையும் இங்கே போட்டுவிடாதீர்கள். இரவு வேலை முடிந்து வந்துதான் பார்ப்பேன்.